ஞாயிறுதோறும் ஓர் அவை: இலண்டன் கான்வே மண்டபத்து அறையிசைப் பருவமும் கேட்போர் சமூகமும்

முன்னுரை

கலை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படைப்பாளரையும் படைப்பையும் நிகழ்த்துநரையும் மையமாகக் கொண்டே எழுதுகின்றனர். கேட்போர் எவ்வாறு உருவாயினர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அரங்கைத் திறந்து வைத்தால் சுவைஞர் தாமே வந்து அமர்வர் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம். உண்மையில், கடினமான ஒரு கலைவடிவத்தைப் பொறுமையுடன் கேட்கும் அவை தானாக அமைவதில்லை. அது நீண்ட காலம் பயிற்றப்பட்டு உருவாவதாகும்.

இக்கருத்தை விளக்குதற்கு ஏற்ற சான்றாக, இலண்டன் மாநகரில் 1887ஆம் ஆண்டு தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வரும் ஞாயிறு அறையிசைத் தொடரை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. முதலில் சவுத் பிளேஸ் என்னும் இடத்திலும், 1929 முதல் ரெட் லயன் சதுக்கத்தில் உள்ள கான்வே மண்டபத்திலும் இத்தொடர் நடந்து வருகிறது. அரசவையோ பெருஞ்செல்வரோ தோற்றுவித்த அரங்கம் அன்று இது. ஒரு சிறு சிந்தனையாளர் சங்கத்தின் பொது மண்டபம். இத்தகைய இடத்தில், மேலைச் செவ்விசையின் மிக நுட்பமான பிரிவாகக் கருதப்படும் அறையிசை இத்துணைக் காலம் நிலைபெற்றமைக்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறையிசை: சொல்லும் பொருளும்

‘சேம்பர் மியூசிக்’ என்னும் தொடர் தமிழில் ‘அறையிசை’ என வழங்குகிறது. கோவிலுக்கும் நாடக அரங்கிற்கும் உரிய இசையினின்று வேறுபட்டு, மாளிகை அறைகளில் சிலர் கூடி இசைப்பதற்கென ஆக்கப்பட்டது என்பதே இதன் தொடக்கப் பொருள். இரண்டு முதல் எட்டு அல்லது ஒன்பது கருவியாளர் வரை இதில் பங்கேற்பர். ஒவ்வொரு கருவிக்கும் உரிய இசைப்பகுதியை ஒருவர் மட்டுமே இசைப்பார் என்பதும், கையசைத்து நடத்துநர் எவரும் இல்லை என்பதும் இதன் அடிப்படை இலக்கணங்களாகும். பெரிய இசைக்குழுவில் இருபது வயலின்கள் ஒரே பகுதியை இசைக்கும்போது ஒருவரது பிழை மறைந்துவிடும். அறையிசையில் அதற்கு இடமில்லை.

இவ்வடிவத்தின் உச்சமாகக் கருதப்படுவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு நரம்புக் கருவிகள் சேர்ந்த நால்வர் குழுவாகும். ‘நால்வர்’ என்றவுடன் நமக்குச் சைவ சமயக் குரவரோ, நாட்டிய மரபில் தஞ்சை நால்வரோ நினைவுக்கு வருவது இயல்பு. இங்கு அச்சொல் குழுவையும் அக்குழுவிற்கென ஆக்கப்பட்ட இசைவடிவத்தையும் ஒருங்கே குறிக்கிறது. ஜோசப் ஹைடன் 68 நால்வர் ஆக்கங்களையும், பீத்தோவன் 16 ஆக்கங்களையும் இவ்வடிவத்தில் அளித்துள்ளனர். நால்வர் இசையைக் கேட்பது அறிவார்ந்த நான்கு பேர் தமக்குள் உரையாடுவதைக் கேட்பது போன்றது என்னும் கருத்தைச் செர்மானியக் கவிஞர் கோதே வெளியிட்டுள்ளார். ஒரு கருவி கருத்தொன்றை முன்வைக்க, மற்றொன்று அதை ஏற்றோ மறுத்தோ விரித்தோ செல்லும். கேட்பவர் நான்கு குரல்களையும் ஒருங்கே பின்தொடர வேண்டும். ஒரே இராகத்தின் விரிவில் தோய்ந்து பழகிய நம் செவிக்கு இது முதலில் சற்று அயலாகத் தோன்றக்கூடும்.

எனினும், கருவி அயலானது அன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியக் கலைஞரிடம் வயலின் பயின்று, அதனைத் தென்னக இசைக்கு ஏற்றவாறு கையாண்டார் என்பது நாம் அறிந்த செய்தி. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் வயலினில் புகழ்பெற்றவர். ஐரோப்பிய அறையிசையின் முதற் கருவியே நம் அவைகளில் பக்க இசைக் கருவியாக இடம்பெற்றுள்ளமையால், இவ்விசையை முற்றிலும் தொடர்பற்ற ஒன்றாக நாம் கருத வேண்டுவதில்லை.

மாளிகை அறையிலிருந்து பொது அவைக்கு

அறையிசை எவ்வாறு அறையை விட்டு வெளியேறியது என்பதை அறிந்தால்தான் 1887இன் சிறப்பு விளங்கும். ஹைடன் தம் முதல் நால்வர் ஆக்கங்களை 1750களின் இறுதியில் ஆஸ்திரியப் பிரபு ஒருவரின் இல்லத்தில் கூடி இசைப்பதற்கென எழுதினார். அங்கு இசைப்போரும் கேட்போரும் ஒரே வட்டத்தினர். 1790களில் ஹைடன் இலண்டனுக்கு வந்தபோது நிலை மாறியது. வயலின் கலைஞரும் இசைநிகழ்ச்சி அமைப்பாளருமான சாலமன், கட்டணம் செலுத்தி வந்த பெருங்கூட்டத்தின் முன் நால்வர் இசையையும் நிகழ்த்தினார். இச்சூழலை அறிந்த ஹைடன் 1793இல் எழுதிய ஆறு நால்வர் ஆக்கங்களின் தொடக்கத்தில் உரத்த ஒலியையோ குறுகிய முன்னிசையையோ அமைத்தார். பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அமைதிப்படுத்தும் வாயிலோசையாக அது பயன்பட்டது. கேட்கும் இடம் மாறியவுடன் ஆக்கத்தின் அமைப்பே மாறியதற்கு இது தெளிவான சான்றாகும்.

வியன்னாவில் சுப்பன்சிக் என்னும் வயலின் கலைஞர் 1804-05 குளிர்காலத்தில் நால்வர் இசைக்கெனவே பொது நிகழ்ச்சித் தொடரை நடத்தினார். இலண்டனில் ஜான் எல்லா என்பவர் 1845இல் ‘மியூசிக்கல் யூனியன்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். கலைஞர் நடுவில் அமர, கேட்போர் சூழ்ந்து அமரும் முறையை அவர் பின்பற்றினார். இசைக்கப்படும் ஆக்கங்களின் அமைப்பை விளக்கும் குறிப்புகளை அச்சிட்டு உறுப்பினருக்கு முன்கூட்டியே அனுப்பினார். இசை நடைபெறும்போது பேசலாகாது என்னும் விதியையும் வலியுறுத்தினார். இன்று இசையரங்குகளில் வழங்கப்படும் விளக்கக் குறிப்பேடுகளின் முன்னோடி அவர் எனலாம். ஆயினும் அவருடைய உறுப்பினர் பெரும்பாலும் உயர்குடியினரே.

1859இல் செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் தொடங்கிய திங்கள் மக்கள் இசையரங்குகள் அடுத்த படியாக அமைந்தன. ஒரு சில்லிங்கு கட்டணத்தில் யோவாக்கிம் போன்ற மாபெருங் கலைஞரின் நால்வர் இசையைக் கேட்கும் வாய்ப்பு நடுத்தர வகுப்பினர்க்குக் கிட்டியது. ஆனால் அம்மண்டபம் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அமரத்தக்கது. நான்கு கருவிகளின் உரையாடல் அத்துணைப் பெரிய வெளியில் எந்த அளவிற்கு உரையாடலாக நின்றிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கட்டணம் குறைதல் வேண்டும், மண்டபம் சிறியதாதல் வேண்டும், இசையின் தரம் தாழ்தல் கூடாது என்னும் மூன்று தேவைகளும் ஒருங்கே நிறைவேற இன்னும் சில காலம் ஆயிற்று. 1878இல் தொடங்கப்பட்ட மக்கள் இசையரங்குச் சங்கம், இலண்டனின் ஏழை மக்களிடையே நல்லிசையைக் கொண்டு செல்வதைத் தன் நோக்கமாகக் கொண்டது. இச்சங்கமே 1887இல் சவுத் பிளேஸ் மண்டபத்தில் ஞாயிறு இசையரங்கைத் தொடங்கியது.

சவுத் பிளேஸ்: மறுப்பாளர் மரபு

சவுத் பிளேஸ் சபையின் வரலாறு 1793இல் தொடங்குகிறது. நரகத் தண்டனை முடிவற்றது என்னும் கிறித்துவக் கோட்பாட்டை ஏற்க மறுத்துப் பிரிந்த ஒரு சிறு குழுவே இதன் வேர். 1824இல் ஃபின்ஸ்பரி பகுதியிலுள்ள சவுத் பிளேஸில் இக்குழுவினர் தமக்கென மண்டபம் ஒன்றை எழுப்பினர். காலப்போக்கில் இவர்கள் மும்மைக் கடவுட் கொள்கையையும், பின்னர் வழிபாட்டையுமே படிப்படியாகக் கைவிட்டனர். 1888இல் இச்சபை ‘சவுத் பிளேஸ் அறநெறிச் சங்கம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. கடவுள் நம்பிக்கையைச் சாராத அறவாழ்வே அதன் கொள்கையாயிற்று. 2012 முதல் அது ‘கான்வே மண்டப அறநெறிச் சங்கம்’ என வழங்குகிறது.

இம்மாற்றத்தில் பெரும் பங்கு வகித்தவர் மன்கியூர் டேனியல் கான்வே (1832-1907) ஆவார். அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் பிறந்து, அடிமை முறையை எதிர்த்து, 1863இல் இலண்டன் வந்த இவர், மறு ஆண்டு முதல் இருபதாண்டுகளுக்கும் மேலாக இச்சபையை வழிநடத்தினார். கிழக்கு மேற்கு நாடுகளின் சமய நூல்களிலிருந்து தொகுத்த திரட்டு ஒன்றை 1874இல் வெளியிட்டார். 1880களின் தொடக்கத்தில் மேற்கொண்ட உலகப் பயணத்தின்போது இலங்கைக்கும் சென்னைக்கும் வந்து, 1884இல் அடையாற்றில் பிளவாட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். இப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1906இல் வெளிவந்தது. இன்று நால்வர் இசை ஒலிக்கும் மண்டபம் தாங்கி நிற்பது சென்னை மண்ணில் கால்பதித்த ஒருவரின் பெயரை என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும்.

வழிபாட்டைக் கைவிட்ட ஒரு சபைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன பொருள் தரும் என்னும் வினா இங்கு எழுகிறது. கூடுதல் என்னும் பழக்கத்தை அவர்கள் கைவிட விரும்பவில்லை. காலையில் அறிவுரைச் சொற்பொழிவும் மாலையில் இசையும் அவ்விடத்தை நிரப்பின. ஞாயிறுதோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பெரும்பாலும் ஒரே மக்கள் கூடி அமைதியாக அமர்ந்திருத்தல் என்பது சமய வாழ்வில் பழகிய ஒழுக்கம். அவ்வொழுக்கம் இசை கேட்பதற்கு மாற்றப்பட்டது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. இத்தொடரின் நிலைபேற்றிற்கு இதுவே முதற் காரணமாகும்.

ஞாயிறும் சட்டமும் காணிக்கைத் தட்டும்

ஞாயிற்றுக்கிழமையில் இசை நிகழ்த்துவது அன்று எளிய செயல் அன்று. ஞாயிறு ஆசரிப்புச் சட்டம் 1780இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்டது. ஞாயிறன்று கட்டணம் பெற்றுப் பொதுமக்களை அனுமதிக்கும் கேளிக்கை இடங்களும் விவாத அரங்குகளும் ஒழுங்கீனமான இல்லங்களாகக் கருதப்படும் என அது கூறியது. நடத்துவோர்க்கு ஞாயிறு ஒன்றுக்கு 200 பவுன் தண்டமும் விதித்தது. தேசிய அருங்காட்சியகங்களும் ஓவியக்கூடங்களும்கூட 1896 வரை இலண்டனில் ஞாயிறன்று பூட்டியே கிடந்தன. ஆறு நாள் உழைத்த தொழிலாளிக்கு ஓய்வு கிட்டிய ஒரே நாளில், அறிவுக்கும் கலைக்கும் உரிய கதவுகள் அனைத்தும் மூடப்பட்டிருந்தன.

சட்டம் தடுத்தது கட்டணத்தையே அன்றி இசையை அன்று. ஆகவே சவுத் பிளேஸ் இசையரங்கிற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கேட்போர் தாம் விரும்பிய தொகையை வாயிலில் காணிக்கையாக இட்டனர். இவ்வேற்பாடு சட்டத்தின் நெருக்கடியால் விளைந்ததாயினும், அதன் பயன் ஆழமானது. விலை கொடுத்து நுழைபவர் நுகர்வோர். காணிக்கை இடுபவரோ தம்மையும் அந்நிகழ்ச்சியை நடத்துவோருள் ஒருவராக எண்ணத் தொடங்குகிறார். காசு இல்லாதவரும் தலைகுனியாமல் நுழைய முடிகிறது. 1932இல் இயற்றப்பட்ட ஞாயிறு கேளிக்கைச் சட்டம் இசை நிகழ்ச்சிகளுக்கு உரிமம் பெற்று நடத்தும் வழியைத் திறந்தது. அதற்குள் சவுத் பிளேஸ் தொடர் நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்திருந்தது.

பருவம் என்னும் கட்டமைப்பு

மக்கள் இசையரங்குச் சங்கம் விலகிய பின்னர் தொடரை நடத்தும் பொறுப்பைச் சவுத் பிளேஸ் குழுவினரே ஏற்றனர். அதன் மதிப்புறு செயலாளர் ஆல்ஃபிரட் ஜே. கிளெமென்ட்ஸ், 1887 முதல் 1938இல் தாம் மறையும் வரை அரை நூற்றாண்டுக் காலம் இப்பணியை ஆற்றினார். பெரும் இசைக்கலைஞராகவோ செல்வராகவோ அவர் அறியப்படவில்லை. ஒரு தொடரை விடாது நடத்தியமையே அவர் புகழுக்குக் காரணம். அவர் நினைவாக நிறுவப்பட்ட பரிசு புதிய அறையிசை ஆக்கங்களுக்கு வழங்கப்பட்டது. ஆங்கில இசையாக்குநர் பீட்டர் ரேசின் ஃபிரிக்கர் தம் காற்றுக்கருவி ஐவர் ஆக்கத்திற்காக 1947இல் இப்பரிசைப் பெற்றார்.

இத்தொடரின் ஆயிரமாவது இசையரங்கு 1927இல் நிகழ்ந்தது. அவ்வாண்டில் மெட்மோர் என்பவர் ஆயிரம் இசையரங்குகளின் வரலாற்றை நூலாக எழுதினார். இரண்டாயிரம் இசையரங்குகளின் வரலாற்றை ஃபிராங்க் ஹாக்கின்ஸ் 1969இல் வெளியிட்டார். இவ்வெண்கள் வியப்பிற்குரியன என்பதைவிட ஆய்விற்குரியன என்பதே பொருந்தும். நாற்பது ஆண்டுகளில் ஆயிரம் எனில், ஆண்டொன்றுக்குச் சராசரி இருபத்தைந்து நிகழ்ச்சிகள். இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை நீளும் பருவத்தின் ஏறத்தாழ எல்லா ஞாயிறுகளையும் இவ்வெண் தழுவுகிறது. மாலை ஒன்றுக்கு மூன்று ஆக்கங்கள் எனக் கொண்டால், பத்தாண்டுகள் தொடர்ந்து வந்த ஒருவர் எழுநூற்றைம்பது முறை அறையிசை ஆக்கங்களைக் கேட்டிருப்பார். இசைப்பள்ளி மாணவரும் எளிதில் பெற இயலாத கேள்வியறிவு இது.

பருவம் என்னும் சொல்லைச் சென்னையின் மார்கழி இசைவிழாவோடு ஒப்பிட்டு நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். சவுத் பிளேஸ் தொடர் ஆயிரத்தை எட்டிய அதே 1927ஆம் ஆண்டின் டிசம்பரில் சென்னையில் அனைத்திந்திய இசை மாநாடு நடைபெற்றது. அதன் விளைவாக மறு ஆண்டு மியூசிக் அகாதெமி தோன்றியது. சென்னைப் பருவம் சில வாரங்களுக்குள் செறிந்து நிகழும் திருவிழாத் தன்மை உடையது. இலண்டன் பருவமோ வாரம் ஒன்றாக நீண்டு, அன்றாட வாழ்வின் ஒழுங்கிற்குள் அமைவது. முன்னது மாநகரையே இசைமயமாக்குகிறது. பின்னது பழக்கமாகப் படிகிறது. இரண்டிற்கும் தனித்தனிப் பயன் உண்டு எனினும், புதிய கேட்போரை அடிநிலையிலிருந்து பயிற்றுவதற்கு வாரப் பழக்கமே ஏற்றதெனத் தோன்றுகிறது.

இதனை மற்றொரு சான்றாலும் காணலாம். இரண்டாம் உலகப் போரின்போது பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் நண்பகல் இசையரங்குகளை நடத்தினார். 1939 அக்டோபர் முதல் 1946 ஏப்ரல் வரை, ஒரு சில்லிங்கு கட்டணத்தில், 1,698 நிகழ்ச்சிகள் நடைபெற்றன. எட்டு இலட்சத்து இருபத்து நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்து கேட்டனர். ஓவியங்கள் பாதுகாப்பிற்காக அகற்றப்பட்டு வெறுமையான சுவர்களிடையே ஒலித்த அவ்விசை, நெருக்கடிக் காலத்தில் மக்களின் உள்ளத்தைத் தாங்கிய அரிய தொண்டாகும். எனினும் போர் முடிந்த மறு ஆண்டு அத்தொடரும் முடிந்தது. பேருணர்ச்சியால் திரளும் அவை அவ்வுணர்ச்சி தணிந்ததும் கலையக்கூடும். பழக்கத்தால் சேரும் அவை எண்ணிக்கையில் சிறிதாயினும் நெடுங்காலம் நிற்கிறது.

மண்டபமும் இசையும்

அரங்கின் அளவு கலையின் தன்மையை வகுக்கும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை வகுத்துரைக்கிறது. ஆடுபவளின் மெய்ப்பாடு காண்போர்க்குத் தெளிவுறத் தோன்ற வேண்டும் என்னும் எண்ணம் இத்தகைய அளவுகளுக்குப் பின்னால் இருந்திருத்தல் கூடும்.

1929இல் திறக்கப்பட்ட கான்வே மண்டபத்தைக் கட்டடக் கலைஞர் ஃபிரடெரிக் மான்ஸ்ஃபோர்டு வடிவமைத்தார். சில நூறு பேர் மட்டுமே அமரத்தக்க அம்மண்டபத்தில் கேட்போர்க்கும் கலைஞர்க்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. வில் நரம்பைத் தொடுமுன் நால்வரும் ஒருங்கே மூச்சிழுப்பதைப் பின்வரிசையில் இருப்பவரும் காணலாம். ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை. மேடைக்கு மேலே, மனிதன் தனக்குத் தானே உண்மையாக இருத்தல் வேண்டும் என்னும் பொருளமைந்த ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. மதச்சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அறவுரை இடம்பெற்றிருப்பது சங்கத்தின் கொள்கையை உணர்த்துகிறது. இசை இல்லாத நாட்களில் இதே மண்டபம் சொற்பொழிவுக்கும் வகுப்புக்கும் பொதுக் கூட்டங்களுக்கும் பயன்படுகிறது. இசைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஆடம்பர அரங்கின் வாயிலில் தயங்கி நிற்பவரும், முன்பே ஒரு கூட்டத்திற்கு வந்து பழகிய மண்டபத்திற்குள் தயக்கமின்றி நுழைவர்.

ஒரு மாலையின் அமைப்பு

அறையிசை நிகழ்ச்சி நிரல் பொதுவாக மூன்று ஆக்கங்களைக் கொண்டிருக்கும். ஹைடன் அல்லது மொசார்ட்டின் நால்வர் ஆக்கம் தொடக்கமாக அமையும். இடையில் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கமோ, வாழும் இசையாக்குநர் ஒருவரின் ஆக்கமோ இடம்பெறும். இடைவேளைக்குப் பின் பீத்தோவன், சூபர்ட், பிராம்ஸ் போன்றோரின் பெரிய ஆக்கம் நிகழ்ச்சியை நிறைவு செய்யும். பழகியவற்றின் நடுவே பழகாததை வைக்கும் இவ்வமைப்பு, நல்லாசிரியர் பாடம் வகுக்கும் முறையை ஒத்தது. அறிந்ததிலிருந்து அறியாததற்கு இட்டுச் சென்று, மீண்டும் அறிந்ததற்கு அழைத்து வருகிறது. அறியாததைக் கேட்டபின் திரும்பி வரும்போது, அறிந்ததும் முன்பு அறிந்தவாறு இருப்பதில்லை.

இக்கட்டுரையாளர் இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டிருந்த காலத்தில், பல்கலைக்கழக நூலகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த இம்மண்டபத்திற்கு முதன்முறை சென்றது இசையார்வத்தால் அன்று. குளிர்கால ஞாயிறு மாலையில் விளக்கெரியும் இடமொன்று தென்பட்டதே காரணம். நால்வர் ஆக்கத்தின் முதற் பகுதி முடிந்ததும் கைதட்ட உயர்ந்த கைகள், சுற்றிலும் நிலவிய அமைதியைக் கண்டு தாழ்ந்தன. நான்கு பகுதிகளும் சேர்ந்தே ஓர் ஆக்கம் என்பதை அன்றுவரை அறிந்திருக்கவில்லை. இடைவேளையில், அருகில் இருந்த முதிய அம்மையார் ஒருவர், அடுத்து வரவிருந்த பிராம்ஸின் கிளாரினெட் ஐவர் ஆக்கத்தை இதே மண்டபத்தில் பலமுறை கேட்டிருப்பதாகக் கூறினார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் வியோலாவின் குரல் தமக்குக் கேட்கத் தொடங்கியது என்றும், அதுவரை அது அங்கு இருப்பதையே தாம் உணரவில்லை என்றும் சொன்னார். இசைக் கோட்பாட்டு நூல் எதுவும் கற்பிக்காத பாடம் அது. வியோலா புதிதாக எதையும் இசைக்கவில்லை. கேட்டவரின் செவியே வளர்ந்திருந்தது.

யாருக்கான இசை?

இத்தொடரைக் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ‘மக்கள்’ என்னும் பெயரில் தொடங்கப்பட்ட இம்முயற்சிக்குள்ளேயே ஒரு முரண்பாடு உண்டு. ஏழை மக்களுக்கு நல்லிசையைக் ‘கொண்டு செல்வோம்’ என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்ணத்தில், அம்மக்களிடம் முன்பே இசை ஒன்று இருந்தது என்பதற்கு இடமில்லை. தெருப்பாடலும் மதுவிடுதிப் பாடலும் இசையாகக் கருதப்படவில்லை. மேலும், நுழைவு கட்டணமின்றி இருந்தாலும், அமைதியாக அமர்ந்து நீண்ட ஆக்கத்தைக் கேட்டல் என்னும் ஒழுக்கமே ஒரு வகுப்பினரின் பழக்கம். பணத்தால் எழுப்பப்பட்ட மதிலை நீக்கலாம். பழக்கத்தால் எழுந்த மதிலை நீக்குவது கடினம்.

இன்று மேலைநாட்டு அறையிசை அவைகளில் நரைத்த தலைகளே மிகுதி என்பது பலரும் எழுப்பும் கவலையாகும். இதனை உணர்ந்து 1998இல் தொடங்கப்பட்ட கவாட்டினா அறையிசை அறக்கட்டளை, எட்டு முதல் இருபத்தைந்து அகவை வரையிலான இளையோர் அறையிசை நிகழ்ச்சிகளை இலவசமாகக் கேட்க வழிவகுத்தது. பீத்தோவனின் 130ஆம் ஆக்கத்திலுள்ள ஒரு பகுதியின் பெயரே அவ்வறக்கட்டளையின் பெயர். காணிக்கைத் தட்டின் காலம் முடிந்து நுழைவுச்சீட்டின் காலம் வந்தபின், அப்பழைய நோக்கத்தைக் காக்கப் புதிய ஏற்பாடுகள் தேவைப்பட்டன என்பதை இது காட்டுகிறது. 2020இல் பெருந்தொற்றால் இலண்டன் அரங்குகள் அனைத்தும் மூடப்பட்டபோது, வாராவாரம் கூடுதல் என்னும் பழக்கமே அறுபட்டது. பின்னர் இத்தொடர் மீண்டும் தொடர்ந்தது எனினும், இழந்த கட்டடத்தைவிட இழந்த பழக்கத்தை மீட்பது அரிது என்னும் உண்மையை அக்காலம் எல்லா அரங்குகளுக்கும் உணர்த்தியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகளை இவ்வாறு தொகுக்கலாம். முதலாவதாக, கடினமான கலையைப் பொதுமக்களிடம் கொண்டு செல்ல அதனை நீர்த்துப்போகச் செய்ய வேண்டுவதில்லை. சவுத் பிளேஸ் குழுவினர் இசையை எளிமையாக்கவில்லை, நுழைவை எளிமையாக்கினர். இரண்டாவதாக, அவையின் அளவு கலையின் அளவிற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, ஒரு பெரு நிகழ்ச்சியைவிடத் தொடர்ந்து வரும் நூறு சிறு நிகழ்ச்சிகளே கேட்போரை உருவாக்கும். நான்காவதாக, இவை அனைத்தும் நிகழ, பெயர் பொறிக்கப்படாத பணிகளைச் சலிப்பின்றிச் செய்யும் செயலாளர் ஒருவரேனும் வேண்டும்.

நம் நாட்டுத் தமிழ்ச் சூழலில் ஆசிரியரும் அமைப்புகளும் கலை வளர்ச்சிக்காகச் செலவிடும் உழைப்பு குறைவானது அன்று. ஆனால் அவ்வுழைப்பின் பெரும்பகுதி ஆண்டுக்கொருமுறை நிகழும் பெருவிழாவிற்கே செல்கிறது. விழா முடிந்த மறுநாள் மண்டபம் வெறுமையாகிறது, அடுத்த ஆண்டு மீண்டும் முதலிலிருந்து கூட்டம் சேர்க்க வேண்டியுள்ளது. தேவாரப் பண்ணோ, தமிழிசைக் கீர்த்தனையோ, சங்கப் பாடல் வாசிப்போ எதுவாயினும், பள்ளியின் ஒரு வகுப்பறையில் முப்பது நாற்காலிகளை இட்டு, மாதம் ஒருமுறை தவறாது நடத்துவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. முதல் ஆண்டு பத்துப் பேர் வரக்கூடும். அப்பத்துப் பேருள் ஒருவருக்கு மூன்றாம் முறை கேட்கும்போது அதுவரை கேளாத ஒரு குரல் கேட்கத் தொடங்குமாயின், அவை உருவாகத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.